நுரைக்குள் நின்ற வண்டி

அத்தியாயம் 11

லம்துவன் பேனாவைக் கையில் எடுத்தாள் என்று சொல்லிப் போன வாரம் உங்களைப் பாதியில் விட்டுவிட்டேன். என்ன செய்வது, அந்த நேரம் பார்த்து என் கடை வாசலில் ஏழு பேர் காபிக்கு நின்றார்கள். கதை சொல்லுகிறவளுக்கும் பிழைப்பு இருக்கிறதே.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. சவன்கலோக் நெடுஞ்சாலையில் லம்துவனின் கார் கழுவும் கொட்டகை. அதன் சுவரோடு ஒட்டி என் ஐஸ் காபிக் கடை. போன அக்டோபரில் லம்துவன் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் புருஷன் தம்ரோங், வீட்டிலிருந்து தலையணை எடுத்து வருகிறேன் என்று மழையில் கிளம்பினான். வாங்கி மூன்றே வாரமான பிக்கப் வண்டி. தலையணை கட்டிலிலேயே கிடந்தது. ஆளும் வரவில்லை, வண்டியும் வரவில்லை. எட்டு மாதம் ஓடிவிட்டது.

தம்ரோங்கின் தங்கை ரச்சனிக்கு அண்ணன் செத்துவிட்டான் என்பதில் சந்தேகமே இல்லை. நனைந்துபோய்க் கனவில் வந்து குளிருகிறது என்கிறானாம். உடம்பு கிடைக்காவிட்டாலும் சடங்கைச் செய்ய வேண்டும், கட்டினவள் கையால் அவன் பேரை ஒரு தாளில் எழுத வேண்டும், பிக்குகள் ஓதி முடித்ததும் அதை எரிக்க வேண்டும், அப்போதுதான் அவன் போகிற இடத்துக்குப் போவான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். லம்துவன் முடியாது என்று மறு காலில் நின்றாள். எழுதினால் அவன் செத்தவன். எழுதாதவரை வீட்டுக்கு வரத் தாமதமானவன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை ரச்சனி கறுப்பு ரவிக்கை ஒன்றை அண்ணிக்கென்று பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் ஒன்பது மணிக்கு ஐந்து பிக்குகளைக் கூப்பிட்டாகிவிட்டது.

"பேரு மட்டும் எழுதுங்க அண்ணி. அஞ்சு நிமிஷ வேலை."

"அஞ்சு நிமிஷத்துல ஆளைக் கொன்னுடலாம்ங்கற."

"கொல்றது நானா? குளிருது குளிருதுன்னு தெனம் வந்து நிக்கறாரு. உங்ககிட்ட வர்றதில்லையா?"

 லம்துவனின் கனவில் அவன் வருவதே இல்லை. அது அவளுக்கு ஒரு குறை, என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். உயிரோடு இருக்கிறவன் எதற்காகக் கனவில் வரவேண்டும் என்று தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

ஆனால் எட்டு மாதம் என்பது ஒரு மனுஷிக்கு நிறைய. அன்றைக்கு அவள் முகத்தில் சண்டைபோடத் தெம்பு இல்லை. தாளை வாங்கி என் கடை மேஜையில் வைத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். தம்ரோங் என்ற பேரின் முதல் எழுத்தில் ஒரு வளைவு போட்டாள்.

அப்போதுதான் அந்த வண்டி உள்ளே வந்தது.

வெள்ளையாக வந்தது என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். பெயிண்ட் வெள்ளை இல்லை. சக்கரத்திலிருந்து கூரை வரை சுண்ணாம்புக்கட்டித் தூளும் முகப் பவுடருமாக அப்பி, அப்பி, விரல் தேய்த்த தடங்கள் மேலே தடங்களாக ஒரு கை கனத்துக்கு ஏறிய வெள்ளை. நடுநடுவே மெழுகு உருகி வழிந்திருந்தது. கண்ணாடிகளை மட்டும் யாரோ துடைத்து விட்டிருந்தார்கள். முன்னால், ஆவி குடியிருக்கும் மரத்துக்குக் கட்டுவது மாதிரி மூவர்ணத் துணி கட்டி, காய்ந்த சாமந்தி மாலைகள் தொங்கின. பின்பக்கம் எண் பலகை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள்.

பார்த்ததும் நான் கைகூப்பிவிட்டேன். சிரிக்காதீர்கள். அது நோங் க்லா கோயில் தாத்தா வண்டி. மாவட்டம் முழுக்கத் தெரியும். யாரும் இல்லாமல் கோயில் ஆலமரத்தடியில் தானாக வந்து நின்ற வண்டி, அதற்குள் ஒரு தாத்தா இருக்கிறார், பவுடர் தேய்த்துப் பார்த்தால் லாட்டரி எண் தெரியும் என்று பஸ் வைத்துக்கொண்டு ஜனம் போயிற்று. ஜனவரியில் நானும் போனேன். கதவில் பவுடரைத் தேய்த்து அரைமணி உற்றுப் பார்த்ததில் எழுபத்து மூன்று மாதிரி ஏதோ தெரிந்தது. ஒன்றும் விழவில்லை.

ஓட்டி வந்தவர் இறங்கினார். கோயிலின் வெளிவேலைகளைப் பார்க்கும் புன்சோங். அறுபது வயது, ஒல்லி, இடுப்பில் சாவிக்கொத்து.

"கழுவித் தரணும்மா. பழைய பெரிய பிக்கு காலமாயிட்டாரு. புதுசா வந்தவருக்கு இந்த லாட்டரிக் கூத்தெல்லாம் ஆகாது. சுத்தமா கழுவி டவுன் போலீஸ்ல விட்டுட்டு வான்னாரு."

"வேற எங்கயும் கழுவலியா?" என்றாள் லம்துவன்.

"மூணு எடம் பாத்தாச்சு. நுரையே நிக்கமாட்டேங்குது. தாத்தாவுக்குக் குளிக்க இஷ்டமில்லன்னு பயலுக ஓடறானுக."

"தாத்தாவாவது மண்ணாவது. தண்ணி சரியில்லாம இருக்கும்," என்று பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். அந்த எழுந்த வேகத்தைப் பார்த்தேன். வேலை வந்தது அவளுக்குப் பெரிய விடுதலை. ரச்சனி உதட்டைக் கடித்துக்கொண்டு தாளின்மேல் என் சர்க்கரை டப்பாவைத் தூக்கி வைத்தாள், காற்றில் போய்விடாமல்.

நுரை கலக்குவதைப் பார்க்கிறவர்களுக்கு விளையாட்டாகத் தெரியும். நாற்பது லிட்டர் எஃகு டாங்க். முதலில் தண்ணீர், பிறகுதான் சோப்பு. மாற்றிச் செய்தால் டாங்குக்குள்ளேயே நுரைத்துத் தொலைந்து, குழாயில் வெறும் காற்றுதான் சீறும். சோப்பை மெல்லிய இழையாகக் குச்சிமேல் வழியவிட்டு, குச்சியால் மெதுவாகக் கலக்கி, மூடியைத் திருகி, கம்ப்ரசர் காற்றை முள் பச்சைக் கோட்டைத் தொடும்வரை ஏற்ற வேண்டும். காற்று குறைந்தால் சோப்புத் தண்ணீர், கூடினால் தூவானம். நடுவில் ஒரு இடத்தில்தான் நுரை இருக்கிறது.

லம்துவன் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். குழாயைத் திறந்தாள். நுரை வண்டிமேல் விழுந்தது. விழுந்த இடத்தில் நிற்காமல், சுடு கல்லில் பட்ட தண்ணீர் மாதிரிச் சுருங்கிக் காணாமல் போயிற்று. சாம்பல் நிறத்தில் நாலு கோடு வழிந்தது, அவ்வளவுதான்.

சோப்பை இரட்டிப்பாக்கினாள். மறுபடியும் அதே கதி.

"நான் சொன்னேன்ல," என்றார் புன்சோங். இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

லம்துவனுக்குக் காரணம் தெரியும். எனக்கும் பிறகு சொன்னாள். போர் தண்ணீரில் உப்பு, வண்டிமேல் சுண்ணாம்பு, இரண்டும் சேர்ந்து சோப்பைத் தின்றுவிடுகின்றன. காரணமெல்லாம் சரிதான். ஆனாலும் நடு மத்தியானம், அத்தனை வெயிலில், அந்த வண்டி நுரையை விழுங்கிக்கொண்டு சும்மா நிற்பதைப் பார்க்க எனக்கு முதுகில் ஜில்லென்றது.

அவள் குழாயைக் கீழே போட்டாள். கொட்டகைக்குப் பின்னால் போனாள். அங்கே ஆளுயர மண் ஜாடி ஒன்று இருக்கிறது. வீம்பு பிடித்த வாடிக்கைக்காரர்களின் கறுப்பு வண்டிகளுக்குத் தம்ரோங் மழைத் தண்ணீரில்தான் நுரை கலக்குவான். காணாமல் போன அதே வாரத்தில் அந்த ஜாடியை நிரப்பி, மூடி போட்டு, மேலே செங்கல் வைத்திருந்தான். எட்டு மாதமாக அந்தச் செங்கல்லை யாரும் நகர்த்தவில்லை. தண்ணீர்ப் பஞ்சம் வந்த ஏப்ரலில்கூட அவள் அதைத் தொடவிடவில்லை.

செங்கல் தரையில் விழுகிற சத்தம் கேட்டு ரச்சனி ஓடினாள்.

"அண்ணி! அது அண்ணன் புடிச்ச தண்ணி!"

"தெரியும்."

"கோயில் வண்டிக்கா அதை எடுக்கறீங்க?"

"நாளைக்கு அவரு பேரையே எரிக்கப் போற. இன்னிக்குத் தண்ணிக்கு அழுவுறியா? வாளியைப் புடி."

ரச்சனி வாளியைப் பிடித்தாள். இரண்டு பேரும் பேசாமல் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியில் இருந்த ஒற்றைப் புளிய இலைகூடத் தெரிந்தது.

இந்த முறை கம்ப்ரசர் சத்தமே வேறு மாதிரி கேட்டது எனக்கு. குழாயிலிருந்து வந்ததை எப்படிச் சொல்வது, கேக் கடையில் அடித்து வைத்த முட்டை வெள்ளைக்கரு மாதிரிக் கனமாக வந்தது. விழுந்த இடத்தில் உட்கார்ந்தது. கூரை, கண்ணாடி, கதவு, பின்தொட்டி, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் வண்டி என்று ஒன்று இல்லை. வண்டி உயரத்துக்கு ஒரு வெள்ளை மட்டும் நின்றது.

தம்ரோங் இருந்தபோது பார்த்த நுரை அது. எட்டு மாதத்தில் ஒருநாளும் அவளுக்கு அப்படி வந்ததில்லை.

ஐந்து நிமிடம் ஊறவிட வேண்டும். நாங்கள் நாலு பேரும் நின்றோம். சாலையில் கரும்பு லாரிகள் போய்க்கொண்டிருந்தன, அந்த இரைச்சல் எங்கேயோ தூரத்தில் கேட்டது. பக்கத்தில் கேட்டதெல்லாம் நுரைக் குமிழிகள் உடைகிற சத்தம்தான். ஆயிரக்கணக்கில், சரசரவென்று, மெதுவாக. உள்ளே யாரோ கிசுகிசுப்பாகப் பேசுகிற மாதிரி. புன்சோங் வாய்க்குள் மந்திரம் முணுமுணுத்தார். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. கடை பக்கத்திலேயே இருப்பதால் ஓடி எங்கே போவது என்றும் தோன்றியது.

முதலில் சரிந்தது பின்கதவுப் பக்கம். சுண்ணாம்பையும் மெழுகையும் வாரிக்கொண்டு நுரை ஒரு பாளமாக வழுக்கிக் கீழே விழுந்தது. அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர். வெள்ளைத் தாளில் பச்சை எழுத்து.

இந்த வண்டியின் நிறம் பச்சை.

அதைச் சுற்றிலும் தகரம் செக்கச்செவேல் என்று இருந்தது.

எங்கள் ஊரில் பாதி வண்டிகள் இப்படித்தான் ஓடுகின்றன. திங்கட்கிழமை பிறந்தவனுக்குச் சிவப்பு ஆகாது, ஆனால் ஆசை வைத்தது சிவப்பு வண்டிமேல். அதற்காக வாங்காமல் இருப்பார்களா? பச்சை என்று எழுதி ஒட்டிவிட்டால் பச்சைதான், கெட்டகாலம் அதைப் படித்துவிட்டுப் போய்விடும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் நின்றால் இப்படி இருபது ஸ்டிக்கர் பார்க்கலாம்.

தம்ரோங்கின் சிவப்பு வண்டியிலும் இதே ஸ்டிக்கர்தான், ஆனாலும் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. லம்துவன் போய்க் குந்தி உட்கார்ந்து, பின்கதவின் இடது மூலையிலிருந்த நுரையைக் கையால் வழித்தாள். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். வண்டி வாங்கின அன்றைக்கே தம்ரோங் பின்னால் எடுக்கிறேன் என்று என் கடைத் தூணில் இடித்த இடம். அந்தத் தூண் இன்றைக்கும் சாய்ந்துதான் நிற்கிறது.

அவள் தூணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.  இந்த வண்டிமேல்தான் நான் ஜனவரியில் பவுடர் தேய்த்துக் கும்பிட்டேன். தம்ரோங் கிடைக்க வேண்டும் என்றுகூட வேண்டிக்கொள்ளவில்லை, நம்பர் கேட்டேன். அந்த வெட்கம் இதை எழுதும்போதும் தீரவில்லை.

"அண்ணே," என்றாள் லம்துவன். குரல் வினோதமாக அமைதியாக இருந்தது. "இந்த வண்டி எப்ப வந்துச்சு கோயிலுக்கு?"

"அக்டோபர் கடைசி. ராவெல்லாம் மழை. விடிஞ்சு பாத்தா ஆலமரத்தடியில நிக்குது. சாவி வண்டியிலயே. ஆளு இல்ல."

"போலீஸ்ல சொல்லலியா?"

"ஏன் சொல்லல? சொன்னோமே. செவப்பு வண்டி எதையும் யாரும் தேடலைன்னுட்டாங்க. மூணாம் நாள் மீட்புக் குழுவுலேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க. புது பிக்கப் ஏதாவது வந்துச்சான்னாங்க. காட்டினேன். அவங்க தேடறது பச்சை பிக்கப்பாம். தாளை எடுத்துப் படிச்சுப் பாத்துட்டு, இது இல்லைன்னு போயிட்டாங்க." புன்சோங் கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பசங்க ஒரு வாய் தண்ணி குடிச்சாங்க, அந்த மரத்தடியிலயே. பெரிய பிக்குதான், ஆளு வருவான் தொடாதேன்னு சொல்லிட்டுப் போனாரு."

வண்டி வாங்கி மூன்றே வாரம், நிரந்தர எண் வரவில்லை. தற்காலிகப் பலகையின் எண் யாருக்கும் நினைவில்லை, அந்தப் பலகையையும் லாட்டரிப் பைத்தியங்கள் பிடுங்கிக்கொண்டு போயின. தேடுகிறவர்களுக்கு இருந்த ஒரே அடையாளம் நிறம்தான். ஆஸ்பத்திரியில் லம்துவன் ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தபோது போலீசுக்கும் மீட்புக் குழுவுக்கும் போய்ச் சொன்னது ரச்சனி.

லம்துவன் எழுந்து அவள் பக்கம் திரும்பினாள். ரச்சனி கையில் வாளி அப்படியே இருந்தது.

"என்ன கலர்னு சொன்ன?"

ரச்சனி தலையை ஆட்டினாள். இல்லை என்பதற்கா, தெரியாது என்பதற்கா, தெரியவில்லை.

"கேக்கறேன்ல. என்ன கலர்னு சொன்ன?"

"பச்சை."

"ரச்சனி!"

"வாய் வரைக்கும் வந்துச்சு அண்ணி. ஆனா எப்படிச் சொல்றது? ஸ்டிக்கர் ஒட்டினது நானு. ஒட்டினதுக்கப்புறம் நெசக் கலர் பேரை வாயால சொல்லக்கூடாது, சொன்னா காவல் போயிடும்னு சொல்லித்தானே குடுத்தாங்க. அண்ணன் எங்க இருக்காருன்னு தெரியல. நீங்க பொழைப்பீங்களான்னு தெரியல. அந்த நேரத்துல கெட்டதை நான் வாயால கூப்பிடலாமா? அவரு நல்லபடியா வரணும்னுதான் பச்சைன்னேன்."

"சரி. நான் பொழைச்சு வந்தேனே. அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

ரச்சனி வாளியைக் கீழே வைத்தாள்.

"தப்புன்னே தோணலை அண்ணி," என்றாள்.

அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். ஆனால் லம்துவன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஊர் ஊராகத் தம்ரோங்கின் முகம் போட்ட தாளை ஒட்டிக்கொண்டு அலைந்தவள் லம்துவன். வண்டியைப் பற்றி ரச்சனி சொல்லியிருப்பாள் என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை. எட்டு மாதம், நாற்பது கிலோமீட்டர் தூரத்தில், அத்தனை ஜனமும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் வண்டி நின்றிருக்கிறது.

"நுரை காயுது," என்றாள் கடைசியில். தண்ணீர்த் துப்பாக்கியை எடுத்தாள். கை பழக்கத்தில் வேலை செய்தது, மனசு அங்கே இல்லை. மேலிருந்து கீழாக அடித்தாள். சுண்ணாம்பும் மெழுகும் மாலையும் கட்டிகட்டியாகப் பெயர்ந்து சாக்கடைக்குள் போயின. சிவப்பு வந்துகொண்டே இருந்தது. கண்ணைப் பறிக்கிற சிவப்பு.

எட்டு மாதம் ஓடாமல் கிடந்த வண்டி. உள்ளே ஈரப் புழுக்கம், வெளியே குளிர்ந்த தண்ணீர். கண்ணாடிகள் உள்பக்கமாக மெல்லப் பனி பூத்தன. முன்கண்ணாடி, ஓட்டுநர் பக்கம், பிறகு இடது பக்கம்.

இடது ஜன்னலில் பனி ஒரு இடத்தைப் பிடிக்காமல் விட்டது. விட்ட இடம் ஒரு கையாக வந்தது.

உள்பக்கத்திலிருந்து கண்ணாடியில் ஊன்றிய இடது கை. பெரிய கை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மோதிர விரல் பாதியில் நின்றது. பிறகு சுண்டு விரல்.

கம்ப்ரசர் பெல்ட்டில் தம்ரோங்கின் இடது மோதிர விரல் பாதி போன நாளில் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருத்தி.

துப்பாக்கி லம்துவன் கையிலிருந்து நழுவித் தரையில் துள்ளியது.

"பழைய கை," என்றேன் நான். எதையாவது சொல்லத்தானே வேண்டும். "அப்ப வச்சதா இருக்கும். எண்ணெய்க் கை லேசுல போவாது."

புன்சோங் உதட்டை நக்கிக்கொண்டார். "ஞாயித்துக்கெழமை கண்ணாடியெல்லாம் நான்தாம்மா தொடச்சேன். உள்ளயும் வெளியவும். சோப்புத் தண்ணி தொட்டு, நியூஸ் பேப்பர் போட்டுத் தேச்சேன். பூட்டிட்டுச் சாவியை இடுப்புல முடிஞ்சவன், இன்னிக்குக் காலையிலதான் அவுத்தேன்."



"உயிரோட இருக்காரு," என்றாள் லம்துவன்.

"அண்ணி..." என்றாள் ரச்சனி. "பூட்டின வண்டிக்குள்ள உயிரோட இருக்கிறவங்க எப்படி அண்ணி போவாங்க?"

ஒரே கை. ஒருத்திக்கு அது அவன் இருக்கிறான் என்றது, இன்னொருத்திக்கு இல்லை என்றது. நான் யார் பக்கம் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் எனக்கு இரண்டுமே பயமாக இருந்தது.

வெயில் கண்ணாடியில் ஏறியது. பனி ஓரத்திலிருந்து உலர ஆரம்பித்தது. சுண்டு விரலின் நுனி போயிற்று. லம்துவன் கண்ணாடிமேல் முகத்தை வைத்துக்கொண்டு, "போவுது, போவுது," என்றாள், குழந்தை மாதிரி.

ரச்சனிதான் துப்பாக்கியை எடுத்தாள். அதன் விசையை வாழ்க்கையில் தொட்டதில்லை அவள். முதல் அடி அவள் மேலேயே திரும்பித் தலையோடு நனைத்தது. இரண்டாவதைக் கண்ணாடிமேல் பிடித்தாள். பனி திரும்ப வந்தது, சுண்டு விரல் திரும்ப வந்தது. அவள் அழுதுகொண்டே அடித்தாள், நிறுத்தவே இல்லை. அண்ணன் செத்துவிட்டான் என்று எட்டு மாதம் சாதித்தவள், அவன் கை மறைந்துவிடக்கூடாதென்று அத்தனை தண்ணீரையும் கொட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கைமேல், வெளிப்பக்கமாக, லம்துவன் தன் கையை வைத்தாள். அவள் கை சிறியது. சுற்றிலும் அவன் கை வெளியே தெரிந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தொட்டியில் தண்ணீர் தீர்ந்து பம்பு வெறுமனே உறுமியது. நான் போய் ஸ்விட்சை அணைத்தேன். கண்ணாடி மெதுவாகத் தெளிந்தது. உள்ளே வெறும் இருக்கைதான், காய்ந்த சாம்பல் நிறத் துணி உறை, தூசி.

லம்துவன் கையைப் புன்சோங்கிடம் நீட்டினாள். "சாவி."

"போலீசுக்கு..."

"போலீசுக்கு வழியில போன் பண்ணிச் சொல்றேன். முதல்ல அந்த ஆலமரம் எங்கன்னு காட்டுங்க."

"நாளைக்குப் பிக்குங்க வருவாங்களே அண்ணி," என்றாள் ரச்சனி. பழக்கத்தில் வந்த வார்த்தை. சொன்னதும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வரட்டும். சாப்பாடு போட்டு அனுப்பு. யார் பேரையும் எரிக்க வேண்டாம்."

அவள் ஓட்டுநர் பக்கம் ஏறிச் சாவியைத் திருப்பினாள். ஞாயிற்றுக்கிழமைதான் புது பேட்டரி போட்டிருந்தார்கள், ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது. சொட்டச் சொட்ட நனைந்த ரச்சனி இடது கதவைத் திறந்து, ஏறுவதற்குக் காலைத் தூக்கினாள்.

டிங், டிங், டிங் என்று வண்டி கத்த ஆரம்பித்தது.

புது வண்டிகளில் உண்டே, பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி. விளக்குப் பலகையில் பெல்ட் போட்ட ஒரு சின்ன ஆள் உருவம் சிவப்பாக மினுக்கியது. ரச்சனி தூக்கிய கால் தூக்கியபடி இருந்தது. இருக்கையில் அவள் இன்னும் உட்காரவில்லை. ஒரு பைகூட அங்கே இல்லை.

"ஒயர்ல ஏதாவது ஈரம் போயிருக்கும்," என்றேன் நான்.

"இருக்கும்," என்றார் புன்சோங். கொஞ்சம் பொறுத்து, "நாப்பது கிலோமீட்டர் தனியா ஓட்டிட்டு வந்தேன். ஒரு தடவைகூட கத்தல," என்றார்.

ரச்சனி காலைக் கீழே வைத்தாள். கதவை ஓசைப்படாமல், தூங்குகிற ஆளின் அறைக்கதவைச் சாத்துவது மாதிரிச் சாத்தினாள். பின்னால் சுற்றிப் போய், ஈரம் நிற்கிற பின்தொட்டியில் ஏறி உட்கார்ந்தாள். புன்சோங்கும் அவள் பின்னாலேயே ஏறிக்கொண்டார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

லம்துவன் அந்தக் காலி இருக்கையைப் பார்த்தாள். பயந்த மாதிரித் தெரியவில்லை. அந்தப் பக்கமாகச் சாய்ந்தாள், பெல்ட்டை இழுத்தாள், நடுவில் யாரோ இருப்பதுபோலக் கொஞ்சம் தளர விட்டுக் கொண்டுவந்து, கொக்கியில் மாட்டினாள்.

சத்தம் நின்றது. அவள் கியரைப் போட்டாள்.